அண்ணன் அடைத்த தோட்டாக்கள்

மைல்ஸ் சிட்டி, மொன்டானா
19 ஜனவரி 1986

அன்புள்ள அடேல்,

நானும் வெர்னாவும் நலம். மிசூலாவில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்கிறாயா? இங்கே காற்று ஆளைத் தூக்குகிறது. பட்டறையில் டிராக்டருக்கு ஊற்றும் எண்ணெய் குளிரில் இறுகி டின்னை விட்டு வர மாட்டேன் என்கிறது.

உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். உன் கல்லூரி நூலகத்துக்குத் துப்பாக்கிப் பத்திரிகைகளெல்லாம் வருகின்றன அல்லவா? வெடிமருந்து அளக்கும் கருவியில் எது நல்லது என்று படித்துப் பார்த்துச் சொல். என் பழைய அளவி மக்கர் பண்ணுகிறது. மேலே கூம்பில் மருந்தைக் கொட்டிக் கைப்பிடியை ஏற்றி இறக்கினால், ஒரு தோட்டாக் கூட்டுக்கு வேண்டியது சரியாகக் கீழே விழும். இருபது வருஷமாக அப்படித்தான் விழுந்தது. இப்போது ஒரு தடவை கொஞ்சம், ஒரு தடவை அதிகம். கழற்றித் துடைத்தேன், கிராஃபைட் தூள் போட்டேன், திட்டியும் பார்த்தேன். கேட்கவில்லை.

துப்பாக்கிச் சங்கத்தின் குளிர்காலச் சுற்றில் என் புள்ளிகள் கொஞ்சம் இறங்கியிருக்கின்றன. புதுக் கண்ணாடி இன்னும் பழகவில்லை. தோட்டாவும் சீராக இல்லையென்றால் என்ன செய்வது?

ஜூலை மாதம் மாநிலப் போட்டிக்கு உன் தோட்டாப் பெட்டியை வேறு அடைக்க வேண்டும். உன்னுடையவை என்று அடையாளம் தெரிய உன் கூடுகளின் அடியில் பூச வெர்னா புதுச் சிவப்பு நகப்பூச்சு வாங்கி வைத்திருக்கிறாள். “அளவிய மாத்தாம அடைச்சுக் குடுக்காதடா. துப்பாக்கி வெடிச்சு அவ மூக்கு போயிட்டா அப்புறம் எவன் கட்டிக்குவான்?” என்று சங்கத்தில் பர்ல் கேட்டான். “மூக்கு நல்லா இருந்தப்பவே ஒருத்தன் ஓடிட்டான்” என்றேன். சங்கமே சிரித்தது. நீயும் சிரித்துவிட்டுப் பதில் எழுது.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னி. வண்டியில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதுகிறேன்.

உன் அண்ணன்
நாரிஸ்


மிசூலா
3 பிப்ரவரி 1986

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி? உன் நகைச்சுவையை ஓடிப்போனவருக்கும் அனுப்பியிருக்கலாம், முகவரிதான் இல்லை.

பத்திரிகைகளைப் பார்த்தேன். செதில் செதிலாக இருக்கும் வெடிமருந்து அளவியின் வாயில் ஒன்றன்மேல் ஒன்று சிக்கிப் பாலம் கட்டிக்கொள்ளும், அதனால் விழுவது கூடிக் குறையும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உருண்டை உருண்டையான மருந்து தண்ணீர் போல ஓடும். நீ செதில் மருந்தைத்தான் விடமாட்டாய். ஆகவே திருகு வைத்துக் கூட்டிக் குறைக்கிற கருவி வேண்டாம். குழியின் அளவு மாறாத உருளை போட்டது வாங்கு. கைத்துப்பாக்கிக்கு அது போதும். கூம்புக்குள் ஒரு தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பார். கூம்பு நிறைந்திருந்தாலும் காலியானாலும் அழுத்தம் ஒன்றாக இருக்கும்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய். எந்த அளவியானாலும் கைப்பிடியை ஒரே விசையில் ஏற்றி ஒரே விசையில் இறக்கினால்தான் ஒரே அளவு விழும். பழையதிலேயே நீ பத்து முறை இழு. அண்ணியைப் பத்து முறை இழுக்கச் சொல். எல்லாவற்றையும் தராசில் போட்டுப் பார். கோளாறு கருவியிலா, வேறு எதிலாவதா என்று தெரிந்துவிடும்.

என் பெட்டிக்கு அவசரமில்லை. அடுத்தவர் அடைத்த தோட்டாவைச் சுடாதே என்று எந்தச் சங்கத்திலும் முதல் நாளே சொல்கிறார்கள். நான் மட்டும்தான் ஒவ்வொரு ஜூலையிலும் எல்லோர் முன்னாலும் உன் வண்டியின் மூக்கில் வைத்து உன் கையிலிருந்து அந்தப் பெட்டியை வாங்குகிறேன். எனவே கவனமாகச் செய்.

அன்புடன்
அடேல்


மைல்ஸ் சிட்டி
20 பிப்ரவரி 1986

அன்புள்ள அடேல்,

வெர்னா எழுதுகிறேன். நீ சௌக்கியமா? என் முழங்கால் அப்படியே இருக்கிறது. இதைத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், மற்ற பெண்கள் ஒட்டுப்போர்வை தைக்க வருவதற்கு முன்னால் எழுதுகிறேன். நான் எழுதியது உன் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்.

நீ சொன்ன சோதனையைச் செய்தோம். “வெர்னா, இங்க வா. நீ பத்து இழு, நான் பத்து இழுக்கறேன். படிச்ச மேதாவி சொல்லியிருக்கா” என்று கூப்பிட்டார். நான் அந்தக் கைப்பிடியை அதற்கு முன் தொட்டதே இல்லை, அடேல். என்னுடையது பத்தும் தராசில் ஒரே கோட்டில் நின்றது. அவருடையது ஒன்றுகூட நிற்கவில்லை.

“குருட்டு அதிர்ஷ்டம். இன்னொரு தடவை இழு” என்றார். இழுத்தேன். அதே மாதிரி. எல்லாவற்றையும் திரும்பக் கூம்பில் கொட்டிவிட்டு, “நீ போயி காப்பி போடு” என்றார்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருடைய வலது கட்டைவிரல் எதையோ உருட்டுகிற மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. பாட்டுப் புத்தகத்தை இடது கையில் பிடிக்கிறார். காசோலையில் போடுகிற கையெழுத்து எறும்பு மாதிரி சிறுத்துவிட்டது. நான் ஏதாவது கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுகிறார்.

உன் அப்பாவுக்கு வந்த நடுக்குவாதம்தானா இது? எட்டு வருஷம் கூட இருந்து பார்த்தவள் நீ. அவர் டாக்டரிடம் போக மாட்டார், என் பேச்சைக் கேட்க மாட்டார். நீ சொன்னால் கேட்பார். தயவுசெய்து சொல்லு.

வெர்னா


மிசூலா
2 மார்ச் 1986

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். படி ஏறாதீர்கள்.

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில்: ஆமாம், அதுதான். கட்டைவிரல், சிறுத்துப்போகும் எழுத்து, அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. ஜனவரியில் அண்ணன் கடித உறையில் என் பெயரை எழுதியிருந்த விதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அதனால்தான் அந்தப் பத்து முறை.

ஆனால் நான் சொல்ல மாட்டேன்.

அப்பா கடைசியாக எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்ட நன்றியறிதல் நாள் விருந்து உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அவருடைய கரண்டி கிண்ணத்தில் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் மேசை முழுக்கக் கேட்கும்படி, “என்னப்பா, சூப்பைக் குடிக்கறீங்களா, தெளிக்கறீங்களா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சமையலறையில் தனியாகத்தான் சாப்பிட்டார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தொலைபேசியில் அண்ணனிடம் அழுதால், “அவருக்கு ஒண்ணும் இல்ல. உனக்கு வேல வெட்டி இல்ல, அவர உக்கார வெச்சு நோயாளி ஆக்கறே” என்பான். சவப்பெட்டி தூக்க வந்தான். கை நடுங்காமல் தூக்கினான்.

அவனாகவே தெரிந்துகொள்ளட்டும், அண்ணி. ஒவ்வொரு அளவியாக வாங்கிப் பார்க்கட்டும். அப்பா ஒவ்வொரு கரண்டியாக மாற்றிப் பார்த்தார்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடக் கொடூரமாக இருக்கிறது. கிழித்துப் போட மனம் வரவில்லை. ஒரு கோடையாவது அவன் அறியாமல் இருக்கட்டும் என்ற இரக்கமும் இதில் கொஞ்சம் கலந்திருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

அவன் சுடப் போகும்போது பக்கத்தில் யாராவது இருக்கட்டும். மருந்து குறைந்தால் குண்டு வெளியே வராமல் குழாயில் நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடிக்கும்.

அடேல்


மைல்ஸ் சிட்டி
23 மார்ச் 1986

அன்புள்ள அடேல்,

இங்கே எல்லோரும் சுகம், நீயும் அப்படியே என்று நம்புகிறேன். தட்டச்சில் அடித்திருக்கிறேனே என்று மிரளாதே. தேவாலயத்தில் பழைய சாமான் விற்றபோது வெர்னா இந்த இயந்திரத்தை வாங்கி வந்தாள். என் எழுத்தை அஞ்சல்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறாராம்.

நீ சொன்ன கருவி வந்துவிட்டது. குழி மாறாத உருளை, தடுப்புத் தகடு, எல்லாம் இருக்கிறது. முதல் நாள் பரவாயில்லை. மறுநாளிலிருந்து பழைய கதைதான். உன் பத்திரிகைக்காரர்கள் மருந்தை அளக்கிறார்களா, வாயால் அளக்கிறார்களா?

பர்ல் வேறு மாதிரி சொல்கிறான். தோட்டாவை அழுத்தி மூடுகிற கருவியின் பெரிய நெம்புகோலை இழுக்கும்போதே கூடவே தானாக மருந்தைக் கொட்டுகிற அளவி ஒன்று இருக்கிறதாம். கைப்பிடியே கிடையாது. “உன்னை மாதிரி கிழவனுக்கு அதுதான்டா” என்றான். அவன் என்னைவிட மூன்று வயது பெரியவன். அதைப் பற்றி விசாரித்து எழுது.

வெர்னாவுக்கு நீ தனியாகக் கடிதம் எழுதினாயாமே. என்ன விஷயம் என்று கேட்டேன். “பொம்பளைங்க சமாச்சாரம்” என்றாள். எனக்கும் ஏதாவது சொல்வதற்கு இருந்தால் எழுது. நான் சாயங்காலங்களில் வீட்டில்தான் இருக்கிறேன். படிக்க நேரம் இருக்கிறது.

அண்ணன்
நாரிஸ்


மிசூலா
27 ஏப்ரல் 1986

அன்புள்ள அண்ணா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பருவத் தேர்வு நேரம், நூலகத்தில் மூச்சுவிட முடியவில்லை. மற்றபடி நலம். நீயும் அண்ணியும் நலம்தானே?

நீ கேட்ட தானியங்கி அளவியைப் பற்றி மூன்று கட்டுரைகள் படித்தேன். நெம்புகோல் முழுத் தூரம் போய் வந்தால்தான் மருந்து முழுதாக விழும், பாதியில் நின்று மறுபடி இழுத்தால் ஒரே கூட்டில் இரண்டு தடவை விழ வாய்ப்பிருக்கிறது என்று ஒருவர் எச்சரிக்கிறார். இன்னொருவர் அதிர்வில் மருந்து கெட்டிப்படுகிறது என்கிறார். என் கருத்தைக் கேட்டால், உருளை எஃகில் செய்தது, பக்கத்தில் சின்னச் சுத்தியல் வைத்தது ஒன்று வருகிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் அது தானே ஒரு தட்டுத் தட்டி, சிக்கிய செதிலை விழவைக்கும். மேசை ஆடாமல் சுவரோடு சேர்த்துத் திருகிவிட வேண்டும். மேசை ஆட்டம்தான் பாதிப் பிழைக்குக் காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். எந்தப் புதுக் கருவிக்கும் பழக்கம் வேண்டும், பொறுமையாக இரு.

இங்கே ஆப்பிள் மரம் பூத்துவிட்டது. பக்கத்து வீட்டு நாய் நான்கு குட்டி போட்டிருக்கிறது. ஒன்று வேண்டுமா என்று கேட்கிறார்கள், யோசிக்கிறேன்.

வேறு விசேஷமில்லை.

அன்புடன்
அடேல்


மைல்ஸ் சிட்டி
8 ஜூன் 1986

அன்புள்ள அடேல்,

நீ நலமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். நான் நன்றாக இல்லை, ஆனால் அது உடம்பால் அல்ல.

சென்ற சனிக்கிழமை நீ பயந்தது நடந்துவிட்டது. வெளிச் சுடுதளத்தில் உன் அண்ணன் புது அளவியில் அடைத்த தோட்டாக்களைச் சுட்டுக்கொண்டிருந்தார். ஒன்று மட்டும் ‘டப்’ என்று மூடி திறந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவர் அடுத்ததை அழுத்தப் போனார். பர்ல், “நிறுத்துடா! நாரிஸ், நிறுத்து! கீழ வை!” என்று கத்தினான். கத்தினதோடு இல்லாமல் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். குழாயில் குண்டு நின்றிருந்தது. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். “என்னடா, அண்ணாச்சி இப்ப மருந்தே போட மறந்தாச்சா?” என்று யாரோ கேட்டார்கள். அவரும் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் வண்டியை ஒற்றைக் கையில் ஓட்டினார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு உன் பெட்டியை அடைக்கிறார். உள்ளே என்ன செய்கிறாரோ, சத்தமே கேட்பதில்லை. “அவளுக்கு இந்த வருஷம் கடையிலேயே வாங்கிக்கட்டுமே” என்று சொல்லிப் பார்த்தேன். “அவ என் கையால அடைச்சதத்தான் சுடுவா” என்றார்.

ஜூலைக்கு முன் சொல்லிவிடு, அடேல். அவருக்காக இல்லாவிட்டால் உன் கண்ணுக்காக, உன் விரலுக்காக. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

வெர்னா


மிசூலா
17 ஜூன் 1986

அன்புள்ள அண்ணி,

கடிதம் கிடைத்தது. நலம், நலமறிய ஆவல்.

கவலைப்படாதீர்கள். எப்போதும் போல எல்லோர் முன்னாலும் பெட்டியை வாங்கிக்கொள்வேன். அதைச் சுட மாட்டேன். கடையில் வாங்கியதை அதே பெட்டியில் மாற்றி வைத்துக்கொள்வேன், அவனுக்குத் தெரியாது. எனக்கு ஒன்றும் ஆகாது.

போட்டிக்கு லூயிஸ்டவுனில் பார்ப்போம். உங்கள் ருபார்ப் பை இனிப்பைக் கொண்டுவர மறக்காதீர்கள்.

அடேல்


மைல்ஸ் சிட்டி
10 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அடேல்,

லூயிஸ்டவுனிலிருந்து சுகமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். நாங்களும் சுகமாக வந்தோம். கோதுமை அறுப்பு நடக்கிறது, எல்லோருடைய இயந்திரமும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகிறது, பட்டறை நிறைய வேலை.

நீ புள்ளி பார்க்க இலக்குப் பலகைக்கு நடந்து போனபோது உன் வெற்றுக் கூடுகளை எடுத்து என் டப்பாவில் கொட்டிக்கொண்டேன். ஒவ்வொரு வருஷமும் செய்வதுதான். மறுபடி அடைக்க வேண்டுமே. பர்ல் பக்கத்தில் நின்றான். “என்னடா இது, பளபளன்னு இருக்கு?” என்றான். உன் கூட்டின் அடியில் சிவப்பு இருக்கும் என்று அவனுக்கும் தெரியும். ஒன்றில்கூட இல்லை. “பூச்சு தீர்ந்துபோச்சு” என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் தன் பூட்ஸைப் பார்த்தான். இப்போது சங்கத்தில் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. காப்பியைப் பாதிக் கோப்பைதான் ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும் யோசித்தாய், வெற்றுக் கூட்டை நான் பொறுக்குவேன் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. உன் அளவு படித்திருந்தால் நானும் அதைக் கோட்டை விட்டிருப்பேன்.

எனக்கு எப்போது தெரியும் என்று இப்போது கேட்பாய். வெர்னா பத்து முறை இழுத்த அன்றைக்கே சந்தேகம். அந்தச் சோதனையை வைக்கச் சொன்னவள் நீ. அதற்குப் பிறகு எழுதிய கடிதத்தில் முடிவு என்னவென்று நீ கேட்கவே இல்லை. மேசை ஆட்டம் என்றாய், நாய்க்குட்டி என்றாய். அதைப் படித்த மறுநாள், டிராக்டர் சாமான் வாங்கப் போகிறேன் என்று வெர்னாவிடம் சொல்லிவிட்டு பில்லிங்ஸ் போனேன். நான் சட்டைப் பொத்தான் போடுவதைப் பார்த்துக்கொண்டே டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறமும் காத்திருந்தேன். என் தங்கை சொல்லட்டும், வேறு யார் சொல்வதையும்விட அது லேசாக இருக்கும் என்று நினைத்தேன்.

உன் பெட்டிக்கு நான் அளவியைத் தொடவே இல்லை. எனக்கு அடைத்ததைத்தான் பிடிவாதமாக அதில் அடைத்தேன். குழாயில் நின்றது அதில் ஒன்று. உன்னுடையதை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, ஒரு செதில் கூட்டி ஒரு செதில் எடுத்து நிறுத்தேன். கை அடங்காத நாளில் எழுந்து போய்விடுவேன். ஒரு சாயங்காலத்துக்கு ஐந்தோ ஆறோ. வசந்தம் முழுக்க அதிலேயே போயிற்று.

நீ சுடாத தோட்டாக்கள் உன் கார் இருக்கைக்கு அடியில் ரொட்டிப் பையில் இருந்தன. கதவு பூட்டியிருக்கவில்லை, எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தட்டிப் பிரித்தேன். என் கண்ணை நீ நம்ப மாட்டாய் என்று வெர்னாவைத் தராசைப் படிக்கச் சொன்னேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவள் பாதியிலேயே அழுதுகொண்டு போய்விட்டாள். மீதியை நானே படித்தேன்.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதையும் வெர்னா சொன்னாள். சூப்பைப் பற்றி நான் சொன்னது நிஜம். இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு நீ என்னைச் செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஒன்று மட்டும் பாக்கி. நீ என்னை ஆறு மாதம் காக்க வைத்தாய், நான் உன்னை அப்படிக் காக்க வைக்கப் போவதில்லை. நாம் எல்லோரும் வலது கையால் சுடும்போது இடது கையைக் கால்சட்டைப் பையில்தான் விட்டுக்கொள்கிறோம். நீ சுட்டு முடித்த பிறகும் அதை எடுக்கவில்லை. வெர்னா ருபார்ப் இனிப்பை வெட்டிக் கொடுத்தபோது தட்டை வாங்க எடுத்தாய். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். உன் கட்டைவிரலைப் பார்த்தேன்.

அண்ணன்
நாரிஸ்


மிசூலா
24 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அண்ணா,

நீ எப்படி இருக்கிறாய்? மாத்திரை ஒத்துக்கொள்கிறதா? வெறும் வயிற்றில் சாப்பிட்டால் அப்பாவுக்குக் குமட்டும்.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். இப்போது கேட்டால் உன் பதிலுக்காகக் கேட்டதாகிவிடும். அந்தப் பெட்டியை நான் சுட்டிருக்க வேண்டும் என்றும் எழுத முடியவில்லை, அது பொய். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட, நீ தெரியாமல் இருக்கிறாய், எனக்குத் தெரிந்திருக்கிறது என்பதில் ஒரு ருசி இருந்தது. காலையில் பல் துலக்கும்போது அதை நினைத்துக்கொள்வேன். என்னிடம் இப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

நான் கேட்க வந்தது இதுதான். நீ நிஜமாகவே பார்த்தாயா? இல்லை, எனக்கு வலிக்கட்டும் என்று எழுதினாயா? வலிக்க வேண்டும் என்றுதான் எழுதினாய் என்றால் அதில் ஒரு தப்பும் இல்லை, வலித்துவிட்டது, போதும். ஆமாம், இல்லை என்று மட்டும் எழுது.

உன் கடிதம் வரும்வரை என் கையை நான் பார்த்ததே இல்லை. இப்போது வேறு எதையும் பார்ப்பதில்லை. நூலகத்தில் புத்தகத்தில் முத்திரை குத்தும்போது மேசைக்கு அடியில் இடது கை என்ன செய்கிறது என்று குனிந்து பார்க்கிறேன். பார்த்தால் நடுங்குகிறது. பார்க்காவிட்டால் நடுங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டாக்டரிடம் போனேன். நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். “இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. ஒரு வருஷம் கழிச்சுப் பாப்போம். காப்பியக் குறைங்க” என்றார். ஜூலையில் என்னைப் பார்த்தவன் நீ ஒருவன்தான். அப்போது எனக்கு இந்தப் பயம் கிடையாது. அப்போது ஆடியிருந்தால் அது நோய்தான்.

ஒரு வார்த்தை, அண்ணா.

அடேல்


மைல்ஸ் சிட்டி
14 செப்டம்பர் 1986

அன்புள்ள அடேல்,

நீ அவருக்கு எழுதியதை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். தொலைபேசியில் நீ கூப்பிட்டபோதெல்லாம் எடுத்து உடனே கீழே வைத்தது நான்தான். எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை.

நீ கேட்டதை நானும் அவரிடம் கேட்டேன். “நிஜமா பாத்தீங்களா, இல்ல சும்மா சொன்னீங்களா?” தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “எட்டு வருஷம் பக்கத்துல இருந்து பாத்தவ. அவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுது?” என்றார்.

அன்று உன் தட்டில் ருபார்ப் இனிப்பை வைத்தவள் நான். உன் கைக்கு அவரைவிடக் கிட்டத்தில் இருந்தேன். நான் என்ன பார்த்தேன் என்று நீ அடுத்து என்னிடம் கேட்பாய். கேட்காதே. ஜூன் மாதம் நான் உன் காலில் விழுந்தபோது நீ எனக்கு நாலு வரி எழுதினாய், அதில் ஒன்று ருபார்ப் இனிப்பைப் பற்றி. நான் உனக்கு அதைவிடக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

வெர்னா


மைல்ஸ் சிட்டி
19 அக்டோபர் 1986

அன்புள்ள அடேல்,

உன் கடிதங்கள் மூன்றும் கிடைத்தன. தாமதத்துக்கு மன்னி. நாங்கள் நலம். வெர்னா பூசணியெல்லாம் பறித்து முடித்துவிட்டாள். பர்ல் இந்த வருஷத்து முதல் மானை அடித்துவிட்டு, அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான்.

சங்கத்தில் என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். இனி உன் தோட்டாக்களை நீயே அடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். எந்த அளவி வாங்குவது என்று குழம்புவாய், அதனால் எழுதுகிறேன். தானியங்கி வேண்டாம், உன் மாதிரி வருஷத்துக்கு ஒரு பெட்டி அடைக்கிறவர்களுக்கு அது அதிகம். எஃகு உருளை, மாறாத குழி, நீ அப்போது சொன்னதேதான், நல்ல யோசனை. மார்பு உயரத்தில் இருக்கும்படி மேசையில் இறுக்கு. மேலே விளக்கு வை. குண்டை வைப்பதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார். வேலை முடிந்ததும் கூம்பில் மருந்தை விட்டு வைக்காதே, பிளாஸ்டிக்கை அரித்துவிடும். ஒரு நேரத்தில் மேசைமேல் ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். செதிலை விட்டுவிட்டு உருண்டைக்கு மாறினால் உனக்குச் சுலபமாக இருக்கும். மற்றதெல்லாம் கைப்பிடியில்தான். அவசரமில்லாமல், எப்போதும் ஒரே மாதிரி.

நீ கேட்டிருந்த எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். அந்த நாய்க்குட்டியை எடுத்துக்கொண்டாயா?

மிசூலாவில் இதற்குள் குளிர் தொடங்கியிருக்கும். உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

அண்ணன்
நாரிஸ்